இனிக்கிற கிழங்கா, இனிக்காத கிழங்கா?

என் அம்மாவுக்குச் சர்க்கரை வந்து பதினோரு வருஷம் ஆகிறது. அன்று முதல் வெகுகாலம் சர்க்கரைவள்ளிக்கிழங்கைத் தொடாமலே இருந்தார். பேரிலேயே சர்க்கரை இருக்கும்போது அதைப் போய்த் தின்பானேன் என்று கேட்பார். மரவள்ளி என்கிற குச்சிக்கிழங்குக்கு மட்டும் தடை இருக்கவில்லை. ராசிபுரம் பக்கம் பிறந்து வளர்ந்தவர். உப்பும் மஞ்சளும் போட்டு அவித்து, கடுகு, வரமிளகாய் தாளித்து ஒரு தட்டு நிறைய வைத்தால் சாயங்காலம் அதைச் சாப்பிட்டுவிட்டு, எட்டு மணிக்குச் சோறும் சாப்பிடுவார். "இதுல என்ன இனிப்பா இருக்கு, சப்புன்னுதானே இருக்கு" என்பார்.

நான் தப்புச் செய்தது வேறு பக்கம். என் மகளுக்கு நாலு வயது. கண்ணுக்கு நல்லது, வைட்டமின் ஏ நிறைய இருக்கிறது என்று படித்துவிட்டு வாரத்தில் இரண்டு நாள் அவளுக்குச் சர்க்கரைவள்ளி அவித்துக் கொடுத்துவந்தேன். வண்டியில் விற்கிற, சிவப்புத் தோலும் வெள்ளைச் சதையுமான கிழங்கு.

இரண்டு பேர் கணக்குமே சரியில்லை என்பது, இரண்டு கிழங்கையும் அக்கம்பக்கத்தில் வைத்துப் பார்த்த பிறகுதான் புரிந்தது. எதை யாருக்கு வாங்குவது என்று யோசிக்கிறவர்களுக்கு உதவும் என்பதால் எழுதுகிறேன்.

முதலில் பேரை ஓரமாக வைத்துவிடலாம். மரவள்ளியைச் சேலம், நாமக்கல்லில் குச்சிக்கிழங்கு என்போம். கன்னியாகுமரியில் அதுவே மரச்சீனி. அங்கே இந்தச் சப்பென்ற கிழங்கின் பேரிலும் சீனி ஒட்டிக்கொண்டிருக்கிறது. சர்க்கரைவள்ளி தெற்கே சீனிக்கிழங்கு, இலங்கையில் வத்தாளங்கிழங்கு. இரண்டுமே அமெரிக்கக் கண்டத்திலிருந்து கடல் தாண்டி வந்தவை. காட்டில் கொடியாகப் படர்கிற நம் பழைய வள்ளிக்கிழங்கின் பேரை இரண்டும் வாங்கிக்கொண்டன. உறவு ஒன்றும் கிடையாது. மரவள்ளி ஆமணக்குக் குடும்பம். சர்க்கரைவள்ளி வள்ளைக்கீரைக்குச் சொந்தம்.

இப்போது கணக்குக்கு வருவோம். பச்சை மரவள்ளி 100 கிராமில் ஏறக்குறைய 60 கிராம் தண்ணீர், 38 கிராம் மாவுச்சத்து, 160 கலோரி. சர்க்கரைவள்ளிக்கு இணையத்தில் சுற்றுகிற எண் 86 கலோரி, 20 கிராம் மாவுச்சத்து. அது அமெரிக்க அட்டவணையில் உள்ளது. அவர்கள் கிழங்கில் தண்ணீர் அதிகம். நம் ஊர்க் கிழங்கு கொஞ்சம் வறண்டது, மாவாக இருக்கும். அதனால் 110 முதல் 120 கலோரி, மாவுச்சத்து 24 முதல் 28 கிராம் என்று வைத்துக்கொள்வதே நியாயம்.

100 கிராம் கணக்கில் யாரும் சாப்பிடுவதில்லை. தட்டுக்கணக்கில் பார்க்கலாம். ஒரு தட்டு 200 கிராம் என்றால் மரவள்ளியில் 76 கிராம் மாவுச்சத்து வருகிறது. வடித்த சோறு 100 கிராமில் சுமார் 28 கிராம். ஆக, அம்மா சாயங்காலம் பலகாரம் என்று சாப்பிட்டது 270 கிராம் சோற்றுக்குச் சமம். அதற்குமேல் ராத்திரிச் சோறு வேறு. அதே அளவு சர்க்கரைவள்ளி என்றால் ஐம்பது, ஐம்பத்தைந்து கிராமோடு நின்றிருக்கும்.

நாக்கில் இனிப்பது வேறு, ரத்தத்தில் ஏறுவது வேறு. மாவுச்சத்து என்பதே குளுக்கோஸைச் சங்கிலி சங்கிலியாகக் கோத்து வைத்ததுதான். கோத்திருக்கும்வரை நாக்குக்கு இனிப்புத் தெரியாது. வயிற்றுக்குள் போனதும் சங்கிலி அறுந்து எல்லாம் குளுக்கோஸாகிவிடும். சர்க்கரைவள்ளியில் நாக்குக்குத் தெரிகிற சர்க்கரை 100 கிராமில் நாலு கிராம் அளவு. மரவள்ளியில் இரண்டு கிராம்கூட இல்லை. இந்த இரண்டு கிராம் வித்தியாசத்தைப் பார்த்து அம்மா ஒன்றை ஒதுக்கினார். பத்துப் பன்னிரண்டு கிராம் வித்தியாசம் அந்தப் பக்கம் இருந்தது தெரியவில்லை. நார்ச்சத்திலும் சர்க்கரைவள்ளிதான் மேல்: 3 கிராம், மரவள்ளியில் 2 கிராமுக்கும் கீழே.

சர்க்கரை உள்ளவர்கள் சர்க்கரைவள்ளியைப் பயமில்லாமல் சாப்பிடலாம் என்று இதற்கு அர்த்தம் இல்லை. எப்படிச் சமைக்கிறோம் என்பதில் நிறைய இருக்கிறது. சாம்பலில் சுட்ட கிழங்கு அவித்ததைவிட ஏன் அப்படித் தித்திக்கிறது என்று யோசித்திருப்பீர்கள். அந்தக் கிழங்குக்குள் மாவைச் சர்க்கரையாக உடைக்கிற ஒரு நொதி இருக்கிறது. மெதுவாகச் சூடேறும்போது, கொதிநிலைக்கு வெகு கீழேயே, அது சுறுசுறுப்பாக வேலை செய்யும். தணலில் ரொம்ப நேரம் கிடந்தால் மால்டோஸ் என்ற சர்க்கரை கூடிக்கொண்டே போகும்; தோல் ஓரத்தில் பாகு மாதிரி கசிந்து கறுத்திருப்பது அதுதான். சாப்பிட அருமை, சந்தேகமில்லை. ஆனால் சுட்ட கிழங்கு ரத்தச் சர்க்கரையை ஏற்றுகிற வேகம் அவித்த கிழங்கைவிட மிக அதிகம். தோலோடு அவித்து, ஆறவைத்து, நாலு துண்டு, கூடவே ஒரு கைப்பிடி வேகவைத்த நிலக்கடலை. எங்கள் வீட்டில் அம்மாவுக்கு இப்போது இந்த அளவுதான். சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து மீட்டரில் அவரே பார்த்துக்கொள்கிறார். அவரவர் உடம்பு அவரவருக்கு. மருத்துவர் சொன்ன அளவுக்கு மேல் போகாமல், மீட்டரைப் பார்த்து முடிவு செய்வதே நல்லது.

அப்புறம் என் மகள் விஷயம்.

சர்க்கரைவள்ளியில் வைட்டமின் ஏ ஏராளம் என்கிறார்களே, அது பொய்யில்லை. ஆனால் எந்தக் கிழங்கில் என்று அதே மூச்சில் சொல்ல வேண்டும். அமெரிக்க அட்டவணையில் 100 கிராமுக்குச் சுமார் 700 மைக்ரோகிராம் வைட்டமின் ஏ என்று இருப்பது உள்ளே காவி நிறத்தில் இருக்கிற கிழங்குக்கு. அந்த நிறமே பீட்டா கரோட்டின். கேரட்டுக்கு நிறம் தருவதும் அதுவே. உடம்பு அதை வைட்டமின் ஏ-வாக மாற்றிக்கொள்கிறது. பெரியவர்களுக்கு ஒரு நாள் தேவையே 840 முதல் 1000 மைக்ரோகிராம் என்பதால், காவிக் கிழங்கு ஒன்று சாப்பிட்டாலே பெரும்பகுதி கிடைத்துவிடும். நம் சந்தையில் அதிகம் வருவது தோல் சிவப்பாக, உள்ளே வெள்ளையாகவோ வெளிர் சந்தன நிறமாகவோ இருப்பது. அதில் கரோட்டின் பேருக்குத்தான் இருக்கும். தோல் நிறத்தைப் பார்த்து ஏமாறக்கூடாது, சதையைப் பார்க்க வேண்டும். ஒன்றரை வருஷம் நான் மகளுக்குக் கொடுத்தது நல்ல கிழங்குதான், வயிறு நிறைந்தது; ஆனால் எதை நினைத்துக் கொடுத்தேனோ அது அதில் இல்லை.

இந்த நிறத்தின் மதிப்பு என்ன என்பதை ஆப்பிரிக்காவில் பெரிய அளவில் செய்தே காட்டியிருக்கிறார்கள். மொசாம்பிக், உகாண்டா பக்கம் ஜனங்கள் வெள்ளைக் கிழங்கைத்தான் காலங்காலமாகச் சாப்பிட்டுவந்தார்கள். வைட்டமின் ஏ குறைவால் குழந்தைகள் அவதிப்பட்டார்கள். அந்த ஊர் மண்ணில் விளையக்கூடிய, அந்த ஊர் நாக்குக்குப் பிடிக்கிற மாதிரி மாவாக இருக்கிற காவி நிற ரகங்களை உருவாக்கி, கொடியை வீடு வீடாகப் பரப்பினார்கள். அந்த வேலைக்காக மரியா ஆன்ட்ராடே, ராபர்ட் முவாங்கா, ஜேன் லோ ஆகியோருக்கும், சத்தேற்றிய பயிர்களுக்காகப் பாடுபட்ட ஹோவர்த் பூயிஸுக்கும் 2016-இல் உலக உணவுப் பரிசு கொடுத்தார்கள். மாத்திரை கொடுக்காமல், தினம் தின்கிற கிழங்கின் நிறத்தை மாற்றிச் சாதித்தார்கள் என்பதுதான் எனக்கு இதில் பெரிய விஷயமாகப் படுகிறது.

நம் பக்கத்திலும் இந்த வேலை நடந்திருக்கிறது. திருவனந்தபுரம் ஸ்ரீகாரியத்தில் 1963 முதல் இயங்குகிற மத்தியக் கிழங்குப் பயிர் ஆராய்ச்சி நிலையம், பூ சோனா என்றொரு ரகத்தை வெளியிட்டது. 100 கிராமில் 14 மில்லிகிராம் பீட்டா கரோட்டின். சாதாரணமாகப் பயிரிடுகிற ரகங்களில் இரண்டு, மூன்று மில்லிகிராம் தேறினால் அதிகம். பூ கிருஷ்ணா என்று உள்ளே கருஊதாவான இன்னொன்றும் உண்டு. நாவல்பழத்துக்கு நிறம் தருகிற ஆந்தோசயனின் அதில் இருக்கிறது. அந்த ஊதா நல்லதுதான், ஆனால் வைட்டமின் ஏ-வுக்கு அதை நம்ப முடியாது. அதற்குக் காவி வேண்டும். கரோட்டின் கொழுப்பில்தான் கரையும் என்பதால் வெறும் கிழங்காகக் கொடுப்பதைவிடத் தேங்காய்ப்பூ தூவியோ, அரைக் கரண்டி நெய் விட்டோ கொடுப்பது நல்லது. நம் வீடுகளில் தேங்காய் துருவிப் போடுகிற பழக்கம் ஏற்கெனவே இருக்கிறது. அதை விடாமல் இருந்தாலே போதும்.

மரவள்ளிக்கு இந்தப் போட்டியில் இடமே இல்லை. வெள்ளை மரவள்ளியில் கரோட்டின் கிட்டத்தட்ட சுழி. வைட்டமின் சி மட்டும் அமெரிக்க அட்டவணையில் மரவள்ளிப் பக்கம் தூக்கலாகத் தெரியும்: 20 மில்லிகிராம், சர்க்கரைவள்ளியில் 2 அல்லது 3. ஆனால் அது முழுசாகத் தட்டுவரை வந்து சேருவதில்லை. மரவள்ளியை நிறையத் தண்ணீரில் வேகவைத்து அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும். சி-யில் கணிசமான பங்கு சூட்டிலும் தண்ணீரிலுமே போய்விடும். சுண்ணாம்புச்சத்து, இரும்புச்சத்து இரண்டுக்காகவும் எந்தக் கிழங்கையும் வாங்க வேண்டியதில்லை; ஒரு கைப்பிடி முருங்கைக்கீரை போதும்.

தண்ணீரை ஏன் கொட்ட வேண்டும் என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். எங்கள் ஊரில் மரவள்ளிக் காட்டில் ஆடு புகுந்தால் பதறி ஓடுவார்கள். பயிர் போகிறதே என்பதைவிட ஆடு போய்விடுமே என்ற பயம். இலை, தண்டு, கிழங்கு எல்லாவற்றிலும் லினமாரின் என்ற பொருள் இருக்கிறது. கடித்தாலோ நசுக்கினாலோ அது உடைந்து ஹைட்ரஜன் சயனைடு வெளிவரும். சமையலுக்கான ரகங்களில் இது குறைவு, கசப்பு ரகங்களில் அதிகம். ஜவ்வரிசி ஆலைக்கென்று வளர்க்கிற எல்லாம் வீட்டில் அவிக்கிற ரகம் இல்லை. காட்டுக்காரரிடம் நேராக வாங்குகிறவர்கள் "திங்கிற கிழங்கா, மில்லுக்குப் போற கிழங்கா" என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுவது நல்லது. வாயில் வைத்ததும் கசந்தால் யோசிக்காமல் துப்பிவிட வேண்டும்.

கிழங்கில் இந்த விஷப்பொருள் அதிகம் தங்குவது தோலில். மேலே பேப்பர் மாதிரி பழுப்புத் தோல். அதற்கு அடியில் வெள்ளையாகவோ ரோஸ் நிறத்திலோ கனமான இன்னொரு பட்டை. நீளவாக்கில் கத்தியால் ஒரு கீறு கீறி, நுனியைக் கத்தி முனையில் நெம்பினால் இரண்டும் சேர்ந்து ஒரே உறையாகக் கழன்று வரும். நம் பக்கம் பல வீடுகளில் தோலோடு கட்டை கட்டையாக வெட்டி அவித்துவிட்டுச் சாப்பிடும்போது உரிக்கிறார்கள். எங்கள் வீட்டிலும் அப்படித்தான் நடந்தது. அதை மாற்றிக்கொண்டோம். முதலிலேயே உரித்து, சின்னத் துண்டாக நறுக்கி, கிழங்கு மூழ்கி மேலே நாலு விரல் நிற்கிற அளவு தண்ணீர் விட்டு, மூடாமல் கொதிக்கவைத்து, வடித்துவிடுகிறோம். நடுவில் ஓடுகிற நரம்பையும் எடுத்துவிடலாம். ஆவியில் வேகவைத்தாலோ குக்கரில் கொஞ்சம் தண்ணீரில் வைத்தாலோ உள்ளே இருப்பது வெளியேற வழி குறைவு. சர்க்கரைவள்ளிக்கு இதற்கு நேர்மாறு: தோலோடு, இட்லிப் பானையில், தண்ணீர் படாமல். அதில் எதுவும் வெளியே போகக்கூடாது, இதில் வெளியே போகத்தான் வேண்டும்.

பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. நம் ஊரில் சமையல் ரகத்தை நன்றாக வேகவைத்து, சோறு குழம்போடு சேர்த்துச் சாப்பிடுகிறவர்களுக்கு இதனால் ஆபத்து வருவதில்லை. ஆபத்து வருவது மரவள்ளியைத் தவிர வேறு எதுவும் இல்லாதபோது. மொசாம்பிக்கின் நம்புலா பகுதியில் 1981-இல் பஞ்சம். கசப்பு மரவள்ளி மட்டும்தான் மிச்சம். பசியின் அவசரத்தில் அதை ஊறவைத்துக் காயவைக்கப் பொறுமையும் இல்லை. ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு, பெரும்பாலும் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும், கால்கள் விறைத்துச் செயலிழந்து போயின. கொன்சோ என்பது அந்த நோயின் பேர். காங்கோவின் யாக்கா மொழியில் கட்டிப்போட்ட கால்கள் என்று பொருள். ஒரே நாட்டில் ஒரு கிழங்கு இப்படியும், இன்னொரு கிழங்கின் நிறம் அப்படியும் நின்றதைப் படித்தபோது, கிழங்கு நல்லதா கெட்டதா என்று கேட்பதைவிட அதோடு தட்டில் வேறு என்ன இருக்கிறது என்று கேட்பதுதான் சரி என்று தோன்றியது.

அதற்கு நல்ல பதில் குமரியிலும் கேரளத்திலும் இருக்கிறது. மரச்சீனிக்கு மீன்குழம்பு. திருவிதாங்கூரில் 1880 முதல் 1885 வரை ஆண்ட விசாகம் திருநாள் ராமவர்மா இந்தக் கிழங்கைப் பரப்ப ஊக்கம் கொடுத்தார். 1942-இல் பர்மா அரிசி நின்றுபோனபோது ஏழைகள் வீட்டு அடுப்பை எரியவைத்தது அதுதான். கூடவே கடல் இருந்ததால் மத்தி என்கிற சாளை. மரவள்ளியில் புரதம் 100 கிராமுக்கு ஒரு கிராம் சொச்சம்தான். உடம்பில் சேருகிற கொஞ்சநஞ்ச சயனைடை மாற்றி வெளியேற்றக் கந்தகம் கலந்த அமினோ அமிலங்கள் வேண்டும். அது மீனில் இருக்கிறது. அப்படி மாற்றும்போது உண்டாகிற தயோசயனேட், தைராய்டுக்குப் போகிற அயோடினைத் தடுக்கும். கடல்மீனில் அயோடினும் இருக்கிறது. ருசிக்காகச் சேர்ந்த ஜோடி மாதிரித் தெரிந்தாலும், கிழங்கில் இல்லாத ஒவ்வொன்றும் அந்தக் குழம்பில் இருக்கிறது. மீன் சாப்பிடாதவர்கள் பருப்பு, தயிர், கடலை சேர்த்துக்கொண்டு, அயோடின் கலந்த உப்பைப் போட்டுக்கொள்ளலாம். சர்க்கரைவள்ளியிலும் புரதம் அப்படி ஒன்றும் இல்லை. ஒன்றரை கிராம் அளவுதான்.

வாங்கும்போது பார்க்க வேண்டியதும் இரண்டுக்கும் வேறு வேறு. மரவள்ளி தோண்டி இரண்டு மூன்று நாளிலேயே கெட ஆரம்பிக்கும். கடைக்காரரிடம் நுனியை ஒடித்துக் காட்டச் சொல்லுங்கள். ஒடியும்போது சடக் என்று ஒடிந்து பால் வெள்ளையாக இருந்தால் எடுக்கலாம். சதையில் நீலமோ கறுப்போ கோடு ஓடியிருந்தால் வேண்டாம். சர்க்கரைவள்ளி காற்றாட வைத்தால் வாரக்கணக்கில் இருக்கும், நாளாக நாளாக இனிப்பும் கூடும். அதற்கு எதிரி கூன்வண்டு. துளை விழுந்து, வெட்டினால் கறுத்து, ஒரு மாதிரி வாடை அடிக்கிற கிழங்கில் அந்தப் பகுதியை மட்டும் வெட்டி எறிந்துவிட்டு மிச்சத்தைச் சமைக்கிறார்கள். செய்யாதீர்கள். வண்டுக்கு எதிராகக் கிழங்கே உண்டாக்குகிற அந்தக் கசப்பு வேகவைத்தாலும் போகாது. மாட்டுக்குப் போடுவதும் தப்பு.

சரி, எதை வாங்குவது? உடம்பால் உழைக்கிறவருக்கு, எடை ஏற வேண்டிய பையனுக்கு, மரவள்ளி குறைந்த விலையில் நிறையத் தெம்பு தரும். ஆனால் அது அன்றைக்குச் சோற்றுக்குப் பதில், சோற்றோடு சேர்த்து அல்ல. குழந்தைகளுக்கும், சர்க்கரை உள்ளவர்களுக்கும், எடை குறைக்க நினைக்கிறவர்களுக்கும் நான் சர்க்கரைவள்ளியைத்தான் சொல்வேன். குழந்தைக்கு என்றால் காவி நிறம் கிடைக்கிறதா என்று தேடிப் பார்த்து வாங்குங்கள். கிடைக்காத வாரம் வெள்ளைக் கிழங்கோடு ஒரு கேரட்டோ பப்பாளித் துண்டோ போதும். சிறுநீரகத்தில் கல் வந்தவர்களுக்கு மட்டும் கணக்கு மாறும். சர்க்கரைவள்ளியில், கல்லுக்குக் காரணமாகிற ஆக்சலேட் கொஞ்சம் தூக்கல் என்பதால் மருத்துவரைக் கேட்டுவிட்டு அளவாகச் சாப்பிட வேண்டும். ஜவ்வரிசியை மரவள்ளிக்குப் பதிலாக நினைக்க வேண்டாம். பாலை எடுத்து, மாவை மட்டும் படியவைத்துச் செய்வது அது. கிழங்கில் இருந்த சொச்ச நாரும் வைட்டமினும்கூட அதில் இருக்காது.

அம்மா குச்சிக்கிழங்கை விடவில்லை, நானும் விடச் சொல்லவில்லை. மாதம் ஒரு நாள் அரைத் தட்டு, அன்றைக்கு ராத்திரிச் சோறு கிடையாது. மகளுக்காகக் காவிக் கிழங்கு தேடி அலைந்ததில் போன தை மாதம் உழவர் சந்தையில் ஒரு கிலோ கிடைத்தது. அதில் ஒன்றை ஈரமணலில் வைத்து முளைக்கவிட்டு, கொடியை நறுக்கி மொட்டைமாடியில் இரண்டு சாக்கில் நட்டிருக்கிறோம். மரவள்ளி என்றால் எட்டு, பத்து மாதம் காத்திருக்க வேண்டும். இதை நூறு நூற்றிருபது நாளில் தோண்டலாம். நாற்பது நாளில் கொடி சாக்கைத் தாண்டி வழிகிறது. இந்த இலையைப் பயமில்லாமல் பறிக்கலாம் என்பதால், நேற்று அம்மா கொழுந்தாகக் கிள்ளி, பாசிப்பருப்பும் தேங்காயும் போட்டுப் பொரியல் செய்தார்.